தூண்டிலில் சிக்கிய பொடி மீன்: கரையிலிருந்து சட்டி வரை

கரையில் நின்று தூண்டில் போடப் பழகுகிறவர்களுக்குப் பெரிய மீன் அவ்வளவு சுலபத்தில் அமையாது. கிடைப்பதெல்லாம் உள்ளங்கை அளவு, மிஞ்சினால் ஒரு சாண். கிழங்கான், ஊடான், கீச்சான், காரல், ஓரா, கெளுத்தி, பாறைக்குஞ்சு என்று கலவையாக வரும். நிறைய பேர் இதைப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுபோய் என்ன பண்றது" என்று மணலிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். இந்தப் பொடி மீன்களின் ருசிக்குச் சந்தையில் வாங்கும் வஞ்சிரத் துண்டு ஈடாகாது என்று அடித்துச் சொல்வேன்.

ஒரு நிபந்தனை உண்டு. மசாலாவும் எண்ணெயும் பின்னால் வருகிற விஷயம். மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பாதி சமையல் முடிந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி அடுப்படியில் தொடங்காமல் கரையில் தொடங்குகிறது. நான் சொல்வது தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையை மனதில் வைத்து: பழவேற்காட்டிலிருந்து தூத்துக்குடி வரை. மீன் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்ப் பெயர் தெரியவில்லை என்றால் பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் அண்ணனிடம் மீனைக் காட்டிக் கேளுங்கள். சலிக்காமல் சொல்வார்கள்.

எங்கே பிடித்த மீன் என்று பாருங்கள்

பிடித்த மீனெல்லாம் தின்னும் மீன் ஆகாது. நகரத்துச் சாக்கடை கலக்கும் முகத்துவாரங்கள், கூவம், அடையாறு வாய்ப்பகுதிகள், டீசல் மிதக்கும் துறைமுகத் தண்ணீர், இங்கெல்லாம் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் உண்டு. அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது பலருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட இடத்து மீனை எவ்வளவு கழுவினாலும் பிரயோஜனம் இல்லை. திறந்த கடற்கரை, சுத்தமான உப்பங்கழி, ஊரை விட்டுத் தள்ளிக் கடலோரம் கல் கொட்டிக் கட்டிய தடுப்பு, இவையே போதும்.

மன்னார் வளைகுடாப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே தூண்டில் போடக் கூடாது. கடல்குதிரை எங்கே கையில் கிடைத்தாலும் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர்.

விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளையும் திரும்ப விட்டுவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தூண்டில் முள்ளைக் கழற்றி, தண்ணீருக்கு அருகில் குனிந்து விட வேண்டும். காய்ந்த கையால் பிடித்தால் மேலே இருக்கும் வழவழப்பு உரிந்துவிடும். விட்ட மீன் பிழைப்பது சந்தேகம். அன்றைக்குச் சாப்பிடும் அளவு சேர்ந்ததும் தங்கூசியை (தூண்டில் இழையை) சுற்றிக் கட்டிவிடுவது நல்ல பழக்கம்.

கையைக் குத்துவது, உயிரை எடுப்பது

பேத்தை மீனை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கரையோரத் தூண்டிலில் அடிக்கடி மாட்டும். வெளியே எடுத்ததும் வயிற்றை ஊதிக்கொள்ளும், பல் கிளியின் அலகு மாதிரி இருக்கும், செதில் இருக்காது. அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் விஷம் பொரித்தாலும் போகாது, கொதித்தாலும் போகாது. அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. வேறு நாட்டில் தின்கிறார்களாம், சுத்தம் செய்யத் தெரிந்தால் போதுமாம் என்ற பேச்சுக்கெல்லாம் காது கொடுக்காதீர்கள். முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விடுங்கள். நாய் பூனைக்கும் போடக் கூடாது.

கெளுத்தியும் ஓராவும் தின்ன நல்ல மீன், தொட மோசமான மீன். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், ஓரங்களில் ரம்பப் பல் இருக்கும். கருத்த உடம்பில் வெளிர்க் கோடு ஓடி, விலாங்கு மாதிரி வால் உள்ள கெளுத்தி கிடைத்தால் அதன் குத்து இன்னும் கடுமை. தெரியாதவர்கள் அதைக் கையில் எடுக்காமல் தங்கூசியை வெட்டிவிடுவது மேல். ஓராவுக்கு முதுகில் 13, அடித்துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்புகளிலும் முள் என்று உடம்பெல்லாம் ஆயுதம். செத்த பிறகும் அந்த முள்ளில் விஷம் இருக்கும். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுகிறவர்கள்தான் அதிகம் குத்துப்படுகிறார்கள்.

அதனால் பையில் ஒரு கட்டிங் பிளேயரும் தடித்த துணியும் எப்போதும் இருக்கட்டும். மீனைத் துணியால் அமுக்கிப் பிடித்து, பெட்டிக்குள் போடுவதற்கு முன்பே அந்த முட்களை அடியோடு நறுக்கிவிடுங்கள். நறுக்கிய முள்ளை மணலில் எறியாதீர்கள், வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு டப்பாவில் போட்டு மூடி எடுத்து வாருங்கள்.

குத்திவிட்டால்? இந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகும் வகை. குத்திய இடத்தைப் பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி குறையும். வலியில் சூடு தெரியாது, ஆகவே குத்துப்படாத கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்த பிறகு வையுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய், முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று காட்டி, டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்டுவிட வேண்டும். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ வெந்நீர் வைத்தியத்துக்குக் காத்திருக்காமல் நேரே கிளம்புங்கள்.

ஐஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள்

பிடித்த மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டி, வெயிலில் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போவது நம் ஊரில் சகஜம். பெரிய மீன் கொஞ்சம் தாங்கும். பொடி மீன் தாங்காது. உடம்பு சின்னது என்பதால் வெயில் சட்டென்று உள்ளே இறங்கிவிடும், வயிற்றுச் சுவர் கரைந்து குடல் வெளியே வந்துவிடும்.

வழி சுலபம். ஒரு தெர்மோகோல் பெட்டி, அதில் உடைத்த ஐஸ். எடைக்கு எடை என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1 கிலோ மீன் எதிர்பார்த்தால் குறைந்தது 1 கிலோ ஐஸ். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி இருக்கும், சில்லறையாகவும் கொடுப்பார்கள். பெட்டியில் இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு சுத்தமான கடல் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் கூழாக நிற்கும். உயிரோடு வரும் மீனை அதில் முக்கிவிடுங்கள். துள்ளித் துள்ளி மணலில் அடித்துக்கொண்டு சாகிற மீனின் சதை சிராய்ந்து தளர்ந்துபோகும். இந்தக் குளிரில் போட்டது சீக்கிரம் அடங்கிவிடும், சதையும் கெட்டியாக இருக்கும்.

சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரை வடித்துவிட்டு, ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு என்று மாற்றுங்கள். உருகும் தண்ணீரில் மீன் மணிக்கணக்கில் ஊறக் கூடாது. பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டுத் தக்கை வைத்துக்கொண்டால் வடிப்பது எளிது.

மத்தி, கானாங்கெளுத்தி, சூரைக்குஞ்சு மாதிரி கருத்த சதையும் கொழுப்பும் உள்ள மீன் கிடைத்தால் ஐஸ் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். இவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அதைத் தின்றால் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிக்கும். சமைத்தாலும் அது அழியாது. மீனில் நாற்றமே இல்லாமலும் அது இருக்கலாம். வெயிலில் கிடந்த மத்தியை "நல்லாத்தான் இருக்கு" என்று முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஆய்வது

பொடி மீன் ஆய்வதற்கு அரிவாள்மனை பழகிய கைக்கு அதுவே போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல கத்தரிக்கோல்தான் என் பரிந்துரை. சமையலறையில் மீனுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துடுப்புகளையெல்லாம் வாலிலிருந்து தலைப்பக்கமாக நறுக்குங்கள். இப்படித் துடுப்பு சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக வெட்டினால் அடியோடு வரும். அடுத்து செதில். ஒரு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மீனை அதற்குள் முக்கிப் பிடித்தபடி உரசினால் செதில் சுவரெல்லாம் தெறிக்காது. கரண்டியின் ஓரம், தேங்காய்ச் சிரட்டை எதுவானாலும் சரி, வாலிலிருந்து தலைக்கு உரச வேண்டும். கிழங்கானுக்கு விரல் நகமே போதும். பாறைக்குஞ்சுக்கு வால் ஓரம் நெடுகக் கரடுமுரடான செதில் வரிசை ஒன்று இருக்கும், அதைக் கத்தியால் வாலிலிருந்து சீவி எடுத்துவிடுங்கள். விட்டால் வாயைக் கிழிக்கும். கீச்சானுக்குச் செவுள் மூடியில் கூரான முள் இருக்கிறது, அதைப் பிடிக்கும்போது கவனம்.

அப்புறம் செவுள் மூடியைத் தூக்கி, சிவப்பாக இருக்கும் செவுளின் இரண்டு நுனிகளையும் வெட்டி, மெதுவாக வெளியே இழுங்கள். பதமாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். வரவில்லையென்றால் வயிற்றை ஆசனவாயிலிருந்து மேல்பக்கம் நறுக்கித் திறந்து எடுக்க வேண்டியதுதான். கத்தரி நுனியை உள்ளே ஆழமாக விடாதீர்கள். பச்சையாக ஒரு சின்னப் பை தெரியும், அது பித்தப்பை. அது உடைந்தால் அந்த இடம் கசக்கும். உடைந்துவிட்டால் உடனே கழுவி, பச்சை படிந்த சதையை வெட்டி எடுத்துவிடலாம்.

வயிற்றுக்குள் கருப்பாக ஒரு தோல் ஒட்டியிருந்தால் தேய்த்து எடுங்கள். மடவையிலும் ஓராவிலும் இதை விட்டால் சேற்று வாடை அடிக்கும். முதுகெலும்பை ஒட்டி உள்ளே ஒரு ரத்தக் கோடு ஓடும், கட்டைவிரல் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். கவுச்சிக்கு முக்கியக் காரணம் இந்த ரத்தமும் செவுளும்தான். எலுமிச்சையும் மஞ்சளும் கொட்டிக் கவுச்சியை அடக்கப் பார்ப்பதைவிட இந்த இரண்டையும் ஒழுங்காக எடுப்பது எவ்வளவோ மேல்.

ஓராவை மட்டும் வரிசையில் முதலில் ஆய்ந்துவிடுங்கள். பாசி தின்னும் மீன் அது. குடலை அப்படியே விட்டு வைத்தால் அந்த நாற்றம் சதையில் ஏறிவிடும். கூடுமானால் கரையிலேயே குடலை எடுத்துவிட்டு, சுத்தமான கடல் தண்ணீரில் அலசி, ஒரு கவரில் போட்டு ஐஸில் வையுங்கள்.

கடைசியாக உப்புக் கழுவல். சொரசொரப்பான மண்சட்டியில் மீனைப் போட்டு, ஒரு கைப்பிடி கல் உப்பு சேர்த்து, சட்டியின் ஓரத்தில் தேய்த்துக் கழுவுங்கள். காரல் மேல் இருக்கும் கோழையும் கெளுத்தியின் வழவழப்பும் இதில் போய்விடும். கெளுத்திக்கு அடுப்புச் சாம்பலோ புளியோ போட்டுத் தேய்க்கும் பழக்கமும் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினால் போதும். ஆய்ந்த மீனைத் தண்ணீரில் ஊறப் போடுவது கூடாது, ருசி கரைந்து போய்விடும். வடிகட்டியில் கொட்டி, நீர் வடிய விடுங்கள்.

தலையை எறியாதீர்கள். செவுள் எடுத்த தலை குழம்புக்குச் சாரம்.

எந்த மீனுக்கு எது

சமையல் குறிப்பு தேடுவதற்கு முன் மீனைப் பாருங்கள். சதையில் கொழுப்பு இருக்கிறதா, முள் பெரிதா பொடியா, தோல் தடிப்பா மெலிதா, இதைப் பார்த்தாலே எப்படிச் சமைப்பது என்று தெரிந்துவிடும்.

கிழங்கான் கொழுப்பில்லாத வெள்ளைச் சதை, முள்ளும் குறைவு. லேசாகப் பொரிக்க வேண்டும், அல்லது சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) வைக்க வேண்டும். கடுமையான புளிக் குழம்பில் போட்டால் அதன் இனிப்பு காணாமல் போகும். காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதைவிட நல்ல கடல்மீன் எனக்குத் தெரியாது. காரல் உருவத்தில் சின்னது, முள் அதிகம், ஆனால் சாரம் அபாரம். தின்பதைவிட அதன் சாற்றைக் குடிக்கத்தான் அதை வாங்குகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் சுரக்கும் என்று கடற்கரை வீடுகளில் காரல் வைத்துக் கொடுப்பார்கள். ஊடானும் கீச்சானும் எதற்கும் இணங்கும். கெளுத்தி குழம்புக்கென்றே பிறந்தது, பொரித்தால் சுமார்தான். ஓரா குழம்பிலும் நெருப்பிலும் நன்றாக வரும். மத்திக்குக் கொழுப்பு அதிகம் என்பதால் சுடவும் அவியல் வைக்கவும் ஏற்றது.

ஊசி மூக்கு முரல் கிடைத்து, அதன் எலும்பு பச்சையாக இருப்பதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். அது இயற்கையான நிறம், விஷம் இல்லை. துண்டு போட்டுப் பொரித்தால் அருமையாக இருக்கும்.

பொரிப்பது

அப்போதே பிடித்த மீனை அப்போதே கல்லில் போட்டால் வளைந்து சுருண்டுகொள்ளும். சூடு பட்டதும் சதை இழுத்துக்கொள்ளும். ஐஸில் இருந்து விறைப்பு அடங்கிய மீன் இன்னும் சமமாகப் பொரியும். அவசரம் என்றால் இரண்டு பக்கமும் எலும்பு வரை கீறிவிடுங்கள். ஊடான் மாதிரி பொடி முள் மீனுக்குக் கீறல்களை நெருக்கமாகப் போட்டால் உள்ளே இருக்கும் சின்ன முட்கள் எண்ணெயில் முறுகி, நாக்கை உறுத்தாது.

அரைக் கிலோ மீனுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, முக்கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சைச் சாறு. கிழங்கானுக்கு இஞ்சி பூண்டையே விட்டுவிடலாம், உப்பும் மஞ்சளும் மிளகாயும் போதும். மீனைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கிய பிறகுதான் மசாலா தடவ வேண்டும். ஈரத்தோடு தடவினால் மசாலா எண்ணெயில் கழன்று கருகும். 20 நிமிஷம் ஊறினால் போதும். கல்லில் போடும் முன் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைத் தூவிப் புரட்டுங்கள்.

கனமான இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, கடலை எண்ணெய் ஊற்றி, அதுவும் காய்ந்ததும் மீனை வைத்து, தீயை மிதமாக்குங்கள். அதற்குப் பிறகு கை அரிக்கக் கூடாது. உள்ளங்கை அளவு மீனுக்கு ஒரு பக்கம் சுமார் 4 நிமிஷம். ஓரம் சிவந்து, மீன் தானாகக் கல்லை விட்டுக் கொடுக்கும்போது ஒரே தடவை திருப்புங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டு மேலே போடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க, முதுகுப் பக்கம் தடித்த இடத்தில் கத்தி நுனியால் நெம்பிப் பாருங்கள். சதை பளபளப்பு இல்லாமல் வெள்ளையாகி, நடு எலும்பை விட்டுப் பிரிய வேண்டும்.

குழம்பு

பிடித்தது நாலைந்து வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று என்று கலவையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், குழம்புதான். கலப்பு மீன் குழம்புக்கு இருக்கும் ருசி ஒற்றை மீன் குழம்புக்கு வராது.

அரைக் கிலோவுக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, 15 சின்ன வெங்காயம், 8 பல் பூண்டு, இரண்டு பச்சைமிளகாய். வெங்காயம் கண்ணாடி ஆனதும் இரண்டு தக்காளியைப் பிசைந்து போட்டு, எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள். இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், மூன்று தேக்கரண்டி மல்லித்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், உப்பு. புளித்தண்ணீர் ஊற்றி, பச்சை வாடை போக 15 நிமிஷமாவது கொதிக்கட்டும். குழம்பு வற்றி, எண்ணெய் மேலே மினுங்க வேண்டும். மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து நாலு துண்டு மாங்காய் போடுவது இன்னும் விசேஷம்.

பெரிய மீன் சமைத்துப் பழகியவர்கள் தடுக்குகிற இடம் இதற்கு அடுத்ததுதான். பொடி மீன் 5 நிமிஷத்தில் வெந்துவிடும். ஆகவே குழம்பை முழுசாக முடித்துவிட்டு, கடைசியில்தான் மீனைப் போட வேண்டும். தலையும் கெளுத்தியும் முதலில், ஊடானும் கீச்சானும் இரண்டு நிமிஷம் கழித்து, கிழங்கான் இருந்தால் எல்லாவற்றுக்கும் பின்னால். கரண்டி போடாதீர்கள். சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் போதும். அடுப்பை அணைத்து, மூடி, குறைந்தது ஒரு மணி நேரம் தொடாமல் வையுங்கள். புளியும் உப்பும் அந்த நேரத்தில்தான் மீனுக்குள் இறங்கும்.

சொதி

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் சொதி தெரியாத வீடு இல்லை. காரலுக்கும் கிழங்கானுக்கும் இதைவிடப் பொருத்தமான சமையல் கிடையாது. காரம் கம்மி, வேலையும் கம்மி.

ஒரு மூடித் தேங்காயைத் துருவிக் கெட்டிப்பாலும் இரண்டாம் பாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலில் 10 சின்ன வெங்காயம், மூன்று கீறிய பச்சைமிளகாய், 4 பல் பூண்டு, கொஞ்சம் இடித்த மிளகும் சீரகமும், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை எல்லாம் போட்டு வெங்காயம் வேகும் வரை கொதிக்க விடுங்கள். மீனைப் போட்டு 4 நிமிஷம். பிறகு தீயைக் குறைத்து, கெட்டிப்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள். கெட்டிப்பால் கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகு, சூடு கொஞ்சம் தணிந்ததும் பிழிய வேண்டும். இடியாப்பத்துக்கும் சோற்றுக்கும் ஊற்றிக்கொள்ளலாம். காரல் சொதியைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது வடிகட்டிக் கொடுங்கள், முள் பொடிப்பொடியாக இருக்கும்.

கன்னியாகுமரிக்காரர்கள் மத்தியையும் நெத்திலியையும் அவியலாக வைப்பார்கள். தேங்காய், பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம் இவற்றைக் கரகரப்பாக அரைத்து, மாங்காய்த் துண்டோடு மீனில் பிசைந்து, கொஞ்சமே தண்ணீர் விட்டு மூடி வேகவைத்து, கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெய் சுற்றி ஊற்றினால் முடிந்தது. வதக்கல், தாளிப்பு எதுவும் இல்லை.

கரையிலேயே சுடுவது

நெருப்பு மூட்ட அனுமதி உள்ள இடமாக இருந்தால், காற்று அதிகம் இல்லாத மாலையில் இதைச் செய்து பாருங்கள். சவுக்கு விறகோ தென்னை மட்டையோ எரிந்து, தழல் ஆகும் வரை பொறுத்திருக்க வேண்டும். சுவாலையில் வைத்தால் வெளியே கரியும், உள்ளே பச்சையும்தான் மிஞ்சும். சுடுகிற மீனுக்குச் செதில் எடுக்கக் கூடாது. குடலும் செவுளும் மட்டும் எடுத்து, வயிற்றுக்குள் உப்பும் மிளகும் தடவி, செதிலோடு தழல் மேல் கம்பி வலையில் வையுங்கள். செதிலும் தோலும் சேர்ந்து சதையின் ஈரத்தைக் காக்கும். வெந்ததும் தோலை உரித்தால் மொத்தமாக வந்துவிடும். மத்தி, ஓரா, கொஞ்சம் பெரிய கீச்சான் இதற்கு நன்றாக இருக்கும். எலுமிச்சை ஒரு மூடி இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். கிளம்பும்போது தழலைக் கடல் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். மேலே மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போனால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், யாராவது மிதித்துவிடுவார்கள்.

சாப்பிடும்போது தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வார்கள். அது முள்ளை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடலாம். இருமிப் பார்த்து வரவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவதே சரி.

மிஞ்சினால்

ஆய்ந்த மீன் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் ஒரு டப்பாவில் மீனை அடுக்கி, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பனிக்கட்டிக்குள் இருக்கும் மீன் காற்றுப் பட்டுக் காய்ந்துபோகாது. மத்தி மாதிரிக் கொழுப்பு மீனை இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

நல்ல வெயில் காலமாக இருந்தால் கருவாடு போடலாம். 1 கிலோ மீனுக்கு 200 முதல் 250 கிராம் கல் உப்பு. குடலெடுத்த மீனின் வயிற்றிலும் செவுள் இடத்திலும் உப்பைத் திணித்து, ஒரு மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ உப்பும் மீனுமாக அடுக்கி ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் நிறையத் தண்ணீர் விட்டிருக்கும். அந்த உப்புத் தண்ணீரிலேயே ஒரு அலசு அலசி, வடித்து, உயரமாகக் கட்டிய வலையில் பரப்புங்கள். மணலில் காயப்போட்டால் மண்ணும் ஈயும் சேரும். மேலே கொசுவலை போர்த்தி, சாயங்காலம் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்து, மறுநாள் திருப்பிப் போட வேண்டும். பொடி மீன் இரண்டு மூன்று நல்ல வெயிலில் காய்ந்துவிடும். வளைத்தால் தொய்யாமல் விறைப்பாக நிற்கிற பதம்தான் சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைத் தொடங்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து வெயில் காட்டுங்கள்.